கோடு போட்ட கட்டம்

சூடாமணி மேடத்தின் மேஜைக்குப் போன விண்ணப்பம் முதல் தடவையிலேயே தேறி வந்ததாகத் திருவனந்தபுரத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆகட்டும், டில்லியிலிருந்து விமானம் ஏறி வந்த நிபுணர் ஆகட்டும், அவளுக்கு எல்லாரும் ஒன்றுதான். ஏழாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறாய், அதை முதலில் காட்டு. அச்சாகி வந்த அட்டவணை உனக்கு ஏன் போதாது, வீடு வீடாகப் போய் எழுதி வாங்கிய மூலப் படிவத்தை நீ ஏன் பார்க்க வேண்டும், அதற்கு நியாயம் சொல். இதுதான் ஏழாவது கேள்வி. ஆராய்ச்சிக்காக, சமூக நலனுக்காக என்று பொத்தாம் பொதுவாக எழுதிக்கொண்டு போனால் சிவப்பு மையில் ஒரு கீறல் கீறித் திருப்பி நீட்டிவிடுவாள். முகத்தில் ஒரு கோபமும் இருக்காது, அதுதான் வந்தவர்களுக்கு இன்னும் எரிச்சல்.

ஐம்பத்து நாலு வயது. கரமனை அக்கிரகாரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணம் கூடி வரவில்லை, அதைப் பற்றி அவள் பேசுவதும் இல்லை. கடலோரக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ற அந்தச் சிறிய அரசு அலுவலகத்தில் முப்பது வருஷ சர்வீஸ். படிவங்கள் வைத்திருக்கும் ரெக்கார்ட் ரூமின் சாவி அவள் கைப்பையில்தான் இருக்கும். காய்ச்சலென்று லீவு போட்டாலும் சாவியை வேறு கையில் கொடுக்கமாட்டாள். ஜனங்கள் நம்மை நம்பி வீட்டுக்குள் விட்டு, புருஷனிடம் சொல்லாததைக்கூட நம்மிடம் சொல்லுகிறார்கள், அது வெளியே போனால் நாம் மனுஷ ஜன்மமே இல்லை என்பாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்த அலுவலகத்தில் கர்வப்பட வேறு என்ன இருந்தது.

கோடு போடும் விதியை எழுதியவளும் அவள்தான். ஒரு கடற்கரைக் குடியிருப்பில் மொத்தமே அறுபது வீடு இருக்கும். அங்கே மூன்று பேருக்கு இன்ன வியாதி என்று புத்தகத்தில் அச்சடித்தால், அந்த மூன்று பேர் யாரென்று ஊரே விரல் விட்டுச் சொல்லிவிடும். ஆகவே ஐந்துக்குக் குறைந்த எந்த எண்ணையும் அச்சிடக் கூடாது, அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். கோடு இருந்தால் ஒன்றும் இருக்கலாம், நாலும் இருக்கலாம், சொல்லமாட்டோம் என்று அர்த்தம். மேலிடத்திலிருந்து இதற்காக ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டாமல் பீரோவுக்குள் வைத்திருந்தாள், அந்த மட்டும் அடக்கம்.

ரோஸ் முதல் தடவை வந்தது 2001 நவம்பரில். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே தோணிப்பாறை என்ற கடற்கரைக் குடியிருப்புப் பெண். அம்மா குளச்சல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் வீட்டில் தமிழ். இருபத்திரண்டு வயதில் எம்.ஃபில் படிக்கிறாள், அந்தக் கரையில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள். 1998இல் எடுத்த கணக்கெடுப்பில், வயிற்றுப்போக்கில் செத்த சின்னக் குழந்தைகளைப் பற்றிய படிவங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஏழாவது கேள்விக்கு நாலே வரி, சமூக நலன் என்ற சொல் இரண்டு தடவை. சூடாமணி கீறித் திருப்பிக் கொடுத்தாள்.

ஜனவரியில் பன்னிரண்டு பக்கத்தோடு மறுபடி வந்தாள். அக்காள் மீன் கூடையோடு சந்தைக்குப் போயிருந்ததால் அக்காள் மகள் ஜிஜியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டரை வயது. ரோஸ் பேசிக்கொண்டிருந்தபோது அது மேஜை மேல் இருந்த ஸ்டாம்ப் பேடில் கட்டை விரலை அழுத்தி, பன்னிரண்டு பக்கத்தில் முதல் பக்கத்து ஓரத்திலேயே நீலமாக ஒரு ரேகை வைத்துவிட்டது. ரோஸ் பயந்துபோய்க் கையை இழுத்தாள். சூடாமணிக்கு என்ன தோன்றியதோ, ஒன்றும் சொல்லாமல் தன் புடவைத் தலைப்பால் அந்த விரலைத் துடைத்துவிட்டு, டிராயரிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். குழந்தை ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை அவளிடமே திருப்பி நீட்டியது.

அதெல்லாம் சரி, விண்ணப்பம் விண்ணப்பம்தான். அச்சான அட்டவணை போதும் என்று சூடாமணி சொன்னாள். அப்போதுதான் ரோஸ் ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து வைத்தாள். குடிநீர்க் குழாய் எந்தெந்தக் கரைக்கு முதலில் போடுவது என்று முடிவு செய்ய, இதே அலுவலகம் இரண்டு வருஷத்துக்கு முன் தயாரித்துக் கொடுத்த பட்டியல் அது. குழந்தைகள் அதிகம் செத்த கரைக்கு முதல் இடம்.

"எங்க கரைக்கு நேரா பூஜ்யம்னு போட்டிருக்கு மேடம். பத்து வருஷத்துல ஒரு பிள்ளைகூடச் சாகலேன்னு அர்த்தம். சாகாத கரைக்குக் குழாய் எதுக்குன்னு கேக்காங்க. நாங்க இப்பவும் பழைய கிணத்து வெள்ளந்தான் குடிக்கோம்."

சூடாமணி தாளைக் கையில்கூட எடுக்கவில்லை. பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டர் செக்‌ஷன் சமாசாரம், தன் செக்‌ஷன் இல்லை என்றாள். தங்கள் புத்தகத்தில் தோணிப்பாறைக்கு நேரே கோடுதான் இருக்கும், கோடு வேறு பூஜ்யம் வேறு, படிக்கத் தெரிந்த யாருக்கும் அது புரியும், புத்தகத்தைப் பார்க்கச் சொல் என்றாள். புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை, பட்டியலைத்தான் பார்க்கிறார்கள் என்று ரோஸ் சொன்னதற்கு, அது அவர்கள் தலைவிதி என்று பதில். பிறகு, பெண் நின்ற நிலையைப் பார்த்து மனசு இளகியதோ என்னவோ, ஒரு யோசனையும் சொன்னாள். பன்னிரண்டு பக்கத்தில் மேற்கோளாக அடுக்கியிருக்கிறாயே தவிர உனக்கு இது ஏன் வேண்டும் என்று ஒரு வரி இல்லை, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டு வா, பார்க்கலாம். நல்ல மனசோடு சொன்ன யோசனைதான், அதை யாரும் மறுக்க முடியாது.

மார்ச் மாதம் மூன்றாவது தடவை வந்தபோது ரோஸிடம் ஒரே ஒரு பக்கம் இருந்தது. சூடாமணி வாசித்தாள். 'தோணிப்பாறையில் வயிற்றுப்போக்கில் செத்த குழந்தைகளில் இரண்டு பேர் என் தம்பிகள். 1998 ஆகஸ்டில் எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மா தாசம்மாளிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனது நீங்கள். அம்மா சொன்னது எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும்.'

சூடாமணிக்குச் சட்டென்று உட்கார்ந்திருந்த நாற்காலி மறந்துபோயிற்று. அந்த வீட்டை அவள் மறக்கவில்லை. தமிழ் பேசுகிற வீடு, மற்றவர்கள் போனால் வாய் திறக்கமாட்டேன் என்கிறாள் என்பதால்தான் மேற்பார்வையாளரான அவளே நேரில் போயிருந்தாள். ஓலைத் தட்டிக்குப் பின்னால் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். முற்றத்தில் ஒரு பெண் தலை நிமிராமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது, அந்தப் பெண்தான் இவள் போலிருக்கிறது. படிவத்தில், சீக்கில் இருந்தபோது குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தது கூடுதலா, குறைவா, ஒன்றும் இல்லையா என்று ஒரு கேள்வி. அதுவரை டக் டக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்த தாசம்மாள் அந்தக் கேள்வியில் நின்றுவிட்டாள்.

வெள்ளம் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். இரண்டாவது பிள்ளை நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டதாம். இவள் கொடுக்கவில்லை. விடிகிறவரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், கொடுக்கவில்லை. பிறகு வந்த நர்ஸ், கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாளாம். அதைத் தாசம்மாள் புருஷனிடம் சொல்லவில்லை, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. கணக்கெடுக்க வந்தவளிடம் சொன்னாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என் பிராணன் போனாலும் இது வெளியே போகாது என்று சூடாமணி சத்தியம் செய்து கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது அதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது. சூடாமணி மிகவும் மெதுவாக, உன் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் இந்தப் படிவங்களை யாருக்கும் காட்டுவதில்லை என்றாள். ரோஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளம் குடுக்காத காரியம் எனக்குத் தெரியும் மேடம். தட்டிக்கு அந்தப் பக்கந்தானே இருந்தேன். அம்மை எங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. அம்மை பேரைச் சொல்லாதீங்கன்னுதான் உங்ககிட்டச் சொன்னா. பிள்ளை செத்ததைச் சொல்லாதீங்கன்னு சொல்லல."

முப்பது வருஷத்தில் ஏழாவது கேள்விக்குச் சூடாமணி எத்தனையோ பதில் படித்திருக்கிறாள், இப்படி ஒன்று வந்ததில்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை நான் பார்த்துக்கொள்கிறேன், போய் வா என்று அனுப்பினாள். போகும்போது ரோஸ் அந்தப் பழைய ஜெராக்ஸ் தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் சூடாமணி அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். தோணிப்பாறைக்கு நேரே பூஜ்யம். மேலே பார்த்தால் பூஜ்யம், கீழே பார்த்தால் பூஜ்யம். பீரோவைத் திறந்து தன் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். அவள் கோடு போட்ட கட்டம் ஒவ்வொன்றிலும் பட்டியலில் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. ஒன்று தவறவில்லை.

மாடிக்குப் போனாள். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஜெயன் இருந்தான், சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக்கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்து ஆள், நல்ல வேலைக்காரன், ஒரு எண் பிசகாமல் அடிப்பான் என்று பேர். பட்டியல் தயாரித்தபோது புத்தகத்தைப் பார்த்து அடித்தது அவன்தான். கோட்டை என்ன செய்தாய் என்று கேட்டாள். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"எண் அடிக்கற எடத்துல கோடு எடுக்காது மேடம், மெஷின் பீப் பீப்னு கத்தும். ஒண்ணுமில்லேன்னாதானே கோடு போடுவாங்கன்னு பூஜ்யம் அடிச்சேன். யாரும் ஒண்ணும் பறஞ்சில்லல்லோ."

யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். கடையில் அவன் அப்பா சரக்கு இல்லாத இடத்தில் கோடு போடுவார், அவனுக்கு அதுதான் கோடு. கோடு என்றால் என்ன என்று புத்தகத்தின் நூற்று நாற்பதாம் பக்கத்துப் பின்குறிப்பில் சூடாமணி எழுதியிருந்தாள். மாடிப்படி ஏறி வந்து இவனிடம் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் பதினெட்டுப் படி, அவ்வளவுதான் தூரம். அவள் ஜெயனைத் திட்டவில்லை. திட்ட என்ன யோக்யதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

மூன்று நாள் ரெக்கார்ட் ரூமுக்குள் உட்கார்ந்து படிவங்களைப் புரட்டினாள். கோடு போட்ட கரைகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று, நாலு. கூட்டிப் பார்த்தால் நூற்றுப் பதினேழு குழந்தைகள். தோணிப்பாறையில் நாலு. நூற்றுப் பதினேழு பேரையும் வெளியே தெரியாமல் அவள் காப்பாற்றியிருக்கிறாள், அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியிருக்கிறாள், அவர்கள் இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. ரெக்கார்ட் ரூமில் ஜன்னல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்திருந்தாள், அதை வாயருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தாள்.

கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு டைரக்டர் நீலகண்டனிடம் போனாள். அவரும் அக்கிரகாரத்து மனிதர்தான், கோட்டைக்குள் வீடு, இவளுக்கு அம்மா வழியில் தூரத்து உறவு. அதிர்ந்து பேசமாட்டார், பியூனைக்கூட நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. முகம் சுருங்கித்தான் போயிற்று.

"நீ சொல்றது சரியாக்கும், சூடாமணி. ஆனா இப்போ இதை அந்தப் பொண்ணு கையிலே கொடுத்தா நாளைக்கே பேப்பர்ல வந்துடும். அசெம்ப்ளி வேற நடக்கறது. அடுத்த கணக்கெடுப்பு வரச்சே சத்தம் போடாம திருத்திடலாம். அதுவரைக்கும் இவ விண்ணப்பத்தைத் திருப்பிடு."

இந்தத் தடவை நியாயம் சரியாக இருக்கிறதே, எதைச் சொல்லித் திருப்புவது என்று அவள் கேட்டாள். நீலகண்டன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து ஒன்பதாவது கேள்வியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். கேட்கும் விவரத்தில் உள்ளவர் யாரோடாவது விண்ணப்பதாரருக்குச் சொந்த உறவு உண்டா. உண்டு என்றால் நடுநிலை இல்லை, அனுமதி கிடையாது. இதுவும் விதிதான். "தம்பிகள்னு அவளே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கா. நாம பொய் ஒண்ணும் எழுதலையே," என்றார்.

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டு வா என்று சொல்லிக்கொடுத்தது யார், சூடாமணிதானே. அது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம், வேறென்ன. நூற்றுப் பதினேழு குழந்தைகளை மறைத்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு அடுத்த மார்ச்சில் ரிட்டயராகி அந்த வாசல் இறங்க வேண்டுமே என்ற பயம். அதற்கு மேல் ஒரு சால்ஜாப்பும் கையில் இருந்தது, சட்டத்தை நான் மீறவில்லை. ஏப்ரல் பதினொன்றாம் தேதி, 'சொந்த உறவு உள்ளதால் விண்ணப்பம் ஏற்கத் தக்கதல்ல' என்று டைப் செய்த கடிதத்தில், சூடாமணி, ஆராய்ச்சி அதிகாரி என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டாள். தபால் போனபிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது.

தானே சத்தமில்லாமல் பட்டியலைத் திருத்தி மேலே அனுப்பிவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தாள். பெயர் இல்லாமல், வீட்டு எண் இல்லாமல், நாற்பத்தொரு கரைக்கும் வெறும் எண் மட்டும் ஒரு தாளில் எழுதியும் முடித்துவிட்டாள். மே மாதம் டைரக்டர் டூர் போனார், அவர் வரட்டும் என்று வைத்திருந்தாள். வந்தார், முகம் சரியில்லை, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று வைத்தாள். அந்த ஒரு வாரம் போய்க்கொண்டே இருந்தது. தாள் டிராயருக்குள், பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது.

ஜூனில் மழை பிடித்தது. ஒரு புதன்கிழமை காலை காப்பியோடு பேப்பரைப் பிரித்தவள் உள்பக்கத்து மூலையில் ஆறு வரிச் செய்தி ஒன்றைப் பார்த்தாள். விழிஞ்ஞம் அருகே தோணிப்பாறையில் வயிற்றுப்போக்கு, பதினாறு பேர் ஆஸ்பத்திரியில், மழைத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியதே காரணம் என்று சந்தேகம், இரண்டரை வயதுப் பெண் குழந்தை பலி. அடைப்புக்குள் பெயர் போட்டிருந்தார்கள். ஜிஜி.

இரண்டரை வயதா, ஜனவரியிலேயே இரண்டரை ஆச்சே, இப்போது மூணை எட்டியிருக்குமே, பேப்பர்க்காரனுக்கு வயசுகூடச் சரியாகப் போடத் தெரியாதா என்றுதான் அவளுக்கு முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதுவும் கையை விட்டுப் போயிற்று. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஐயோ நான் கொன்னுட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

அலுவலகத்துக்குப் போய் டிராயரிலிருந்து தாளை எடுத்தாள். ரோஸின் ஃபைலையும் எடுத்துப் பார்த்தாள், பன்னிரண்டு பக்கத்தில் முதல் பக்கத்து ஓரத்தில் அந்த நீல ரேகை அப்படியே இருந்தது. டைரக்டரிடம் கேட்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில், 1998 கணக்கைக் கரைவாரியாக வெளியே கொடுக்கிறேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதி அவர் மேஜை மேல் வைத்தாள். ரெக்கார்ட் ரூம் சாவியையும் அதன் மேல் வைத்தாள். மெமோ வரும், விசாரணை வரும், வரட்டும். கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் ஏறினாள்.

விழிஞ்ஞத்திலிருந்து தோணிப்பாறைக்கு மழையில் நடந்தாள். நாலு வருஷத்துக்கு முன் பார்த்த அதே கிணறு, அதன் வாயில் இப்போது பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள், அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. தாசம்மாள் உள்ளே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சூடாமணியை அடையாளம் கண்டுகொண்டாள், கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையின் அம்மா எங்கே என்று கேட்கச் சூடாமணிக்குத் தைரியம் வரவில்லை.

ரோஸ் வெளியே வந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அழுது தீர்ந்த முகம். சூடாமணி உட்காராமல் தாளை நீட்டினாள். நாற்பத்தொரு கரை, யாருடைய பெயரும் இல்லை, நீ கேட்டது இதுதான் என்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள், அந்த முற்றத்தில் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

ரோஸ் தாளை வாங்கி, தோணிப்பாறைக்கு நேரே இருந்த நாலைப் பார்த்தாள். அதன்மேல் விரலை வைத்தாள்.

"ஜிஜிக்கு வெள்ளம் குடுத்தோம் மேடம். உப்பும் சீனியும் கலக்கி அம்மை கையால ஸ்பூன் ஸ்பூனாக் குடுத்தா, நிறுத்தவேயில்ல. அந்தக் கிணத்து வெள்ளந்தான் அதுவும். கொதிக்க வச்சுத்தான் குடுத்தோம், ஆனாலும் நேரம் கடந்துபோச்சு." பிறகு தலை நிமிர்ந்தாள். "இந்த வருஷக் கணக்குல எங்க கரையில அவ ஒருத்திதான். ஒண்ணுன்னா கோடுதானே மேடம்?"

சூடாமணி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளை ரோஸிடமிருந்து வாங்கி, நாற்காலி மேல் வைத்துக் குனிந்து, நாலுக்குப் பக்கத்தில் 2002 என்று எழுதி 1 என்று போட்டாள். கீழே சூடாமணி, ஆராய்ச்சி அதிகாரி என்று முழுசாகக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டாள்.

ரோஸ் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழுப்பு உறையைக் கொண்டு வந்து, அதிலிருந்த கடிதத்தைப் பிரித்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏப்ரல் பதினொன்று. அதே பேர், அதே பேனா, அதே சுழி. இரண்டையும் தாசம்மாள் உள்ளே இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையெழுத்தை அன்னைக்கே இதுல போட்டிருக்கலாம்," என்றாள் ரோஸ். குரலில் சண்டை எதுவும் இல்லை. எண்கள் இருந்த தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள், நாளைக்குக் காலையில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம் என்றாள். ஏப்ரல் மாதத்துக் கடிதத்தை மறுபடி உறைக்குள் போட்டுச் சூடாமணியிடம் நீட்டினாள்.

"இதை நீங்களே கொண்டுபோய் உங்க ரூம்ல வச்சுப் பூட்டிடுங்க மேடம். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

சூடாமணி உறையை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். அதில் சாவி வைத்திருந்த உள்ளறை இப்போது காலியாக இருந்தது, அதற்குள்தான் வைத்தாள். குடையை விரித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.